ஆணியில் டோக்கன் இல்லை

குளிர் அறையின் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் ஒன்பது ஆணிகள். உள்ளே போகிறவள் தன் நம்பர் அடித்த அலுமினிய வில்லையை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் கழற்றிக்கொள்ள வேண்டும். அதை நாங்கள் டோக்கன் என்போம். ஆணிகள் குட்டையானவை. யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் ஒன்றிரண்டு டோக்கன் கீழே விழுந்து உருளும். நான் எடுத்து மாட்டுவேன்.

அதுதான் என் வேலை. கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது. பலகையில் டோக்கன் இருக்கும்வரை கதவை வெறுமனே சாத்தி வைப்பது. எல்லா ஆணியும் காலியானால் இரும்புத் தாழ்ப்பாளைப் போடுவது. பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்கு வாய் திறக்காது. அரையாண்டுப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டேன். பேச வேண்டாத வேலை என்று அப்பாதான் இதைத் தேடிக் கொடுத்தார். அவர் நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் ஆள். எங்கள் வீடு மைன்ஸ் டவுன்ஷிப் வேலிக்கு வெளியே. அங்கிருந்து பண்ருட்டி ரோட்டில் இருக்கும் இந்த ஷெட்டுக்கு சைக்கிளில் வந்துபோவேன்.

ஷெட்டில் பலாச்சுளையை உரித்து, கூழாக்கி, பிளாஸ்டிக் பெட்டிகளில் அடைத்து உறைய வைப்பார்கள். சென்னைக்கு லாரியில் போகும். குளிர் அறைக்குள் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. வெளியே, மே மாத வெயிலில், நாற்பத்தொன்று. பெண்கள் பெட்டிகளை உள்ளே அடுக்கப் போய் வெளியே வரும்போது புருவத்தில் பனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வெயில் பட்டதும் அது முகத்தில் வழியும். பார்க்கிறவர்கள் அழுகிறாள் என்று நினைப்பார்கள்.

சூப்பர்வைசர் சங்கரலிங்கம். ஐம்பது வயதிருக்கும். என்னை ஊமச்சி என்றுதான் கூப்பிடுவார். முதலாளி பெண்களுக்கென்று வாங்கிக் கொடுத்த கனமான ஜாக்கெட் ஒன்று இருந்தது. அதை அவர்தான் போட்டுக்கொள்வார். பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், தலையில் துண்டு. ஒன்றாம் நம்பர் டோக்கன் அவருடையது. அது அவர் மேசை டிராயரில் கிடந்தது. ஒருநாள்கூட அதை ஆணியில் மாட்டியதில்லை. டோக்கன் கூலிக்காரிகளுக்கு என்பார்.

நான் சேர்ந்த அன்று அவர் சொன்ன சட்டம் இது.

"ஆணியில டோக்கன் இல்லன்னா தாழ்ப்பாளப் போட்டுடணும். உள்ள யாரு, எவருன்னு எட்டிப் பாத்துகினு நிக்காத. குளிரு வெளிய போச்சுன்னா ஒன்னத்தான் கேப்பேன்."

அவர் டோக்கன் இல்லாமல் உள்ளே போகும்போது மட்டும் நான் தாழ்ப்பாள் போடாமல் காத்திருப்பேன். அவர் சொல்லி அல்ல. நானாக அப்படிச் செய்துகொண்டிருந்தேன்.

கதவின் உள்பக்கம் ஒரு குமிழ் உண்டு. வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தாலும் அதை அழுத்தினால் கதவு திறக்கும். அது பொங்கலுக்கு முன்பே உடைந்துவிட்டது. ஆளை வரச் சொல்கிறேன் என்று சார் நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொரு பலகையும் இருந்தது. கரும்பலகை. அதில் எங்கள் பெயர்களை எழுதி, யார் எத்தனை முறை பாத்ரூம் போனோம் என்று எதிரில் கோடு போடுவார். நாலு கோட்டுக்கு மேல் போனால் சாயங்காலம் எல்லோர் முன்னாலும் படிப்பார். லாரிக்காரர்கள் நிற்கும்போது இன்னும் சத்தமாகப் படிப்பார். குளிருக்குள் வேலை செய்கிறவளுக்கு அடிக்கடி வரத்தான் செய்யும். ஏன் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்கள் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார்கள்.

முதலில் விட்டவள் கனகம் அக்கா. காலையில் வீட்டில் அரை டம்ளர், அப்புறம் இருட்டும்வரை ஒன்றும் இல்லை. அப்படியும் அவள் பெயருக்கு எதிரில் கோடு அதிகமாகத்தான் விழும். அவள் ஒருத்திதான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். இசைப்பிரியா என்பது நீளம் என்று 'இசை' என்பாள்.

பங்குனிக் கடைசியில் ஒருநாள் லாரி சீக்கிரமே வந்து நின்றது. உள்ளே பதினைந்து நிமிடம், வெளியே பதினைந்து நிமிடம் என்பது வழக்கம். அன்று சங்கரலிங்கம் சார் கனகம் அக்காவைத் தனியாக உள்ளே அனுப்பி, பெட்டிகளைக் கதவுக்கு அருகே நகர்த்தி முடிக்கும்வரை வெளியே வரக் கூடாது என்றார். பதினைந்து நிமிடம் ஆனதும் அக்கா தட்டினாள். நான் கதவை இழுக்கக் கை வைத்தேன். அவர் என் கைக்கு மேலே தாழ்ப்பாளைப் பிடித்துப் போட்டார்.

"அக்கா தட்டுறாங்க சார்" என்றேன். எனக்கே கேட்காத குரல்.

"கம்ப்ரஸர் சத்தம்னு நெனச்சிக்கோ" என்றார். லாரி டிரைவர் சிரித்தான்.

அவர் டிரைவரோடு பேசப் போய்விட்டார். தாழ்ப்பாள் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊமச்சி திறக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. கனகம் அக்கா உள்ளே இருந்தது நாற்பது நிமிடம். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள், நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

கதவைத் திறந்தபோது அவள் சேலை முழங்காலுக்குக் கீழே நனைந்து விறைத்திருந்தது. தரையிலும் ஈரம் இருந்தது. லாரி ஆட்கள் மூன்று பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்குப் பல் கிட்டிப் பேச்சு வரவில்லை.

"மாப் எடுத்துகினு வந்து நீயே தொடச்சிடு" என்றார் அவர். "சாப்பாட்டுப் பொருள் இருக்கிற எடம்."

அவள் துடைத்தாள். விரல் மடங்காததால் மாப் கட்டை இரண்டு முறை கீழே விழுந்தது. மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. பத்து நாள் கழித்து, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், தண்ணீர் குடிக்காமல் அடக்கி அடக்கிக் கிட்னி கெட்டுப்போயிருக்கிறது என்று தனகோட்டி அக்கா வந்து சொன்னாள். தனகோட்டி அக்கா ஷெட்டில் எல்லோருக்கும் மூத்தவள். எதையும் பாதி கேலியாகச் சொல்கிறவள், அதை மட்டும் கேலி இல்லாமல் சொன்னாள். அதைக் கேட்ட அன்றுதான் நான் முடிவு செய்தேன். எப்போது, எப்படி என்பது தெரியாது. நாற்பது நிமிடம் என்பது மட்டும் தெரியும்.

மார்ச், ஏப்ரலில் ரிட்டையர் ஆகிறவர்கள் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்வார்கள். பிள்ளைகள் படித்த புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டுச் சொந்த ஊருக்குப் போவார்கள். பெயின் பாம் கம்பெனி காலண்டருக்கும் வேலைவாய்ப்புச் செய்திக் கட்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு நர்சிங் புத்தகம் கிடைத்தது. யாரோ ஒரு பெண் அதில் தமிழில் பென்சிலால் அர்த்தம் எழுதி வைத்திருந்தாள். குளிரில் மனித உடம்பு என்று ஒரு பாடம், ஏழு பக்கம். அதை வரி வரியாக என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

உடம்பு ஒரு கஞ்சன் என்று எனக்குப் புரிந்தது. குளிர் பட்டவுடன் முதலில் விரல்களைக் கைவிடும். தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூடான ரத்தத்தை எல்லாம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இழுத்துக்கொள்ளும். அப்படி நடுவில் கூடிவிட்ட ரத்தத்தைப் பார்த்து, உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று கிட்னி ஏமாந்துபோகும். அதிகமானதை வெளியே தள்ளும். சூட்டைக் காப்பாற்றப் போய் உடம்பு தண்ணீரைத் தொலைக்கிறது. இது கோளாறு அல்ல. குளிருக்குள் போகிற யாருக்கும் நடக்கும். ராஜாவுக்கும் நடக்கும், சூப்பர்வைசருக்கும் நடக்கும்.

அந்த வரியைப் படித்தபோது எனக்கு வந்தது சந்தோஷம்தான்.

மே மாதம் மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலையில் லாரி வர வேண்டும். மதியம் பெண்கள் எல்லோரும் பின்பக்க ஷெட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் எப்போதும் கதவருகேதான் சாப்பிடுவேன். சங்கரலிங்கம் சார் இரண்டாவது டீயைக் குடித்துவிட்டு, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, பெட்டிகளை எண்ணிப் பார்க்க உள்ளே போனார். செல்போன் மேசையில் சார்ஜில் இருந்தது.

கதவைச் சாத்தினேன். பலகையைப் பார்த்தேன். ஒன்பது ஆணி, ஒரு டோக்கனும் இல்லை.

தாழ்ப்பாளைப் போட்டேன். கடிகாரம் ஒன்று பத்து காட்டியது.

டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புளிச்சோறு. சாப்பிடாமலே மூடிவிட்டேன்.

ஐந்தாவது நிமிடம் முதல் தட்டல். உள்ளங்கையால், கோபமாக. இந்நேரம் விரல் நுனிகள் வெளுத்திருக்கும். கையில் மயிர் சிலிர்த்து நிற்கும். மிருகத்துக்கு அந்த மயிர் போர்வையாகும், மனிதனுக்கு ஒன்றுக்கும் உதவாது என்று புத்தகத்தில் இருந்தது.

கதவின் அடியில், ரப்பர் தேய்ந்த இடத்தில், குரல் மெலிதாகக் கசிந்தது. ஊமச்சி, கதவைத் திற. அப்புறம் என் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை.

பன்னிரண்டாவது நிமிடம் இரண்டு கையாலும் குத்தினார். நடுக்கம் பிடித்திருக்கும். நடுக்கம் நல்லது. சதைகள் தாமாகவே உதறி உதறிச் சூடு உண்டாக்கிக்கொள்கின்றன. உடம்புக்குள் எரிகிற அடுப்பு அது. நடுங்குகிறவரை ஆள் பிழைத்திருப்பான். ஜாக்கெட் வேறு இருக்கிறது. கனகம் அக்காவுக்கு அது இல்லை.

உள்ளே காற்றில் ஈரமே இருக்காது. இழுக்கிற ஒவ்வொரு மூச்சையும் மூக்கு சூடாக்கி, நனைத்து உள்ளே அனுப்ப வேண்டும். விடுகிற மூச்சில் அந்தத் தண்ணீர் புகையாகப் போய்விடும். வாய் வறளும், ஆனால் தாகம் எடுக்காது. உள்ளே தண்ணீர் நிறைய இருப்பதாக மூளையும் ஏமாந்திருக்கும். இதை எல்லாம் ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிக்கொண்டு கதவைப் பார்த்தபடி இருந்தேன். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடமும் எனக்கு இத்தனை ஒழுங்காக ஒப்புவிக்க வந்ததில்லை.

பத்தொன்பதாவது நிமிடம் குரல் மாறியது.

"இசைப்பிரியா. ஏம்மா இசைப்பிரியா."

என் முழுப் பெயர் அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பெயர் தெரிந்துகொண்டே இத்தனை நாளும் ஊமச்சி என்று கூப்பிட்டிருக்கிறார். அதற்காக இன்னும் ஐந்து நிமிடம் கூட்டலாமா என்று யோசித்தேன்.

"அவசரமா வருதும்மா. தெறந்துடும்மா" என்றார்.

கரும்பலகையைப் பார்த்தேன். அன்றைக்கு தனகோட்டி அக்கா பெயருக்கு எதிரில் மூன்று கோடு, பெட்டி அடுக்கும் பாப்பாவுக்கு இரண்டு. இன்று கிட்னி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, சார். இரண்டு டீ வேறு குடித்திருக்கிறீர்கள். வாய்விட்டுச் சொல்லவில்லை, நினைத்துக்கொண்டேன்.

இருபத்தேழாவது நிமிடம் தட்டல் நின்றது.

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. தட்டிக்கொண்டே இருப்பார், நாற்பதாவது நிமிடம் திறப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். கை மரத்துப்போய் நிறுத்தினாரா, உட்கார்ந்துவிட்டாரா, இல்லை நடுக்கம் நின்றுவிட்டதா? நடுக்கம் நின்றால் அடுப்பு அணைந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஆள் குழறுவான், தூங்குவான், அவ்வளவுதான். ஜாக்கெட் போட்ட ஆளுக்கு அரைமணி நேரத்தில் அது வராது என்று புத்தகம் சொல்லியது. ஆனால் புத்தகத்துக்கு சங்கரலிங்கம் சாரைத் தெரியாது.

கதவில் காதை வைத்தேன். தகரம் ஜில்லென்று சுட்டது. கம்ப்ரஸர் சத்தம் மட்டும்தான்.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

இரக்கம் வந்தது என்று எழுதினால் அது பொய். செத்துப்போனவனுக்கு வெட்கம் இருக்காது. எனக்கு அவர் வெட்கப்பட வேண்டும். அதற்கு அவர் உயிரோடு வேண்டும். முப்பத்தொன்றாவது நிமிடம் தாழ்ப்பாளை இழுத்தேன்.

புகை கலைந்ததும் தெரிந்தார். பெட்டி அடுக்குகளுக்கு நடுவில் சாக்கை விரித்து அதன்மேல் குந்தியிருந்தார். முழங்காலை நெஞ்சோடு ஒட்டி, கைகளை அக்குளில் செருகி, தலையைக் குனிந்து ஒரு உருண்டையாக இருந்தார். காற்றுப் படுகிற பரப்பைக் குறைத்துக்கொள்ள உடம்பு கற்றுக் கொடுக்கிற முறை அது, யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மீசை வெள்ளையாகிவிட்டிருந்தது. காக்கி பேண்ட் தொடையிலிருந்து முழங்கால்வரை கறுத்து, ஓரங்கள் விறைத்து நின்றன. சாக்கும் நனைந்து தரையோடு ஒட்டியிருந்தது.

தோள்கள் உதறிக்கொண்டிருந்தன. நன்றாகவே நடுங்கினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஒன்பது நிமிடம் வீணாகிவிட்டதாகத் தோன்றியது.

சுவரைப் பிடித்து எழுந்து அவர் வாசலுக்கு வரும்போது பெண்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். தனகோட்டி அக்கா முன்னால், பாப்பா பின்னால், இன்னும் மூன்று பேர். எல்லோரும் நின்றுவிட்டார்கள். யாரும் எதுவும் கேட்கத் தேவை இருக்கவில்லை. பேண்ட் தெரிந்தது.

"தட்... தட்டுனது கேக்கல?" என்றார் என்னிடம். பல் ஒன்றோடொன்று மோதியது.

"கம்ப்ரஸர் சத்தம்னு நெனச்சிகினேன் சார்" என்றேன். "ஆணியில டோக்கன் இல்ல. அதான் தாழ்ப்பாள் போட்டேன்."

என் வாழ்க்கையில் ஐந்து பேர் கேட்க நான் பேசிய முதல் பேச்சு அது. குரல் சரியாகவே வந்தது. இன்னொன்றும் மிச்சம் இருந்தது, அதையும் சொன்னேன்.

"மாப் எடுத்துகினு வரட்டுமா சார்? சாப்பாட்டுப் பொருள் இருக்கிற எடம்."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்பட அவர் உடம்பில் அப்போது சூடு மிச்சமில்லை. நான் மாப்பைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். விரல் மடங்கவில்லை. கட்டை கீழே விழுந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, காலை அகட்டி அகட்டி வைத்துத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தனகோட்டி அக்கா கரும்பலகைக்குப் போனாள். சாக்பீஸை எடுத்து எங்கள் பெயர்களுக்கு மேலே 'சார்' என்று எழுதி, எதிரில் ஒரு கோடு போட்டாள்.

"சார் ஒரு வாட்டிதான்டி போயிருக்காரு. கட்டுப்பாடான மனுஷன்" என்றாள்.

பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், அறைக்குள் இருக்கிற அவருக்குக் கேட்கும்படி. தரையை யாரும் துடைக்கவில்லை. மறுநாள் நாங்கள் வருவதற்குள் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. அவர் விரல் முட்டிகளில் சிராய்ப்பு இருந்தது.

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டுமானால் முதலாளியிடம் காரணம் சொல்ல வேண்டும். இரண்டு நாளில் ஆள் வந்து உள்குமிழைச் சரி செய்தான். ஜாக்கெட் பெண்கள் பக்கத்துக் கொக்கியில் தொங்கியது. கரும்பலகை ஆணியோடு போய்விட்டது. இப்போது உள்ளே போகும்போது ஒன்றாம் நம்பர் டோக்கனை முதல் ஆணியில் மாட்டுகிறார். மாட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் குறிஞ்சிப்பாடிக்குப் போனேன். கனகம் அக்கா அங்கே தம்பி வீட்டில் இருந்தாள். முகம் உப்பியிருந்தது, கண்ணுக்குக் கீழே கறுப்பு. பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர், மூடியபடி. டாக்டர் நிறையக் குடிக்கச் சொல்லியும் தொடுவதில்லை, தொண்டையில் இறங்கவில்லை என்கிறாள் என்று தம்பி பெண்டாட்டி வாசலிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள்.

எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். அது அவள் உடம்பின் கோளாறு இல்லை, எந்த உடம்பும் குளிரில் அப்படித்தான் செய்யும் என்பதை முதலில் சொன்னேன். பிறகு செவ்வாய்க்கிழமையை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். மீசை வெள்ளையானதைச் சொன்னபோதும், தனகோட்டி அக்கா போட்ட கோட்டைச் சொன்னபோதும் அவள் சிரிக்கவில்லை.

"என்னிய எத்தினி நிமிஷம் உள்ள வச்சிருந்த?" என்றாள்.

வச்சிருந்தாரு என்று சொல்லவில்லை. வச்சிருந்த என்றாள். என்றைக்காவது அவள் வாயால் அதைக் கேட்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"நாப்பது" என்றேன்.

"அவன?"

"முப்பத்தொண்ணு."

"ஏன், ஆம்பளைன்னா ஒம்போது நிமிஷம் தள்ளுபடியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தட்டல் நின்றுபோனதைச் சொன்னேன். எங்கோ ஒரு வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது.

"இப்ப டோக்கன் மாட்டிகினுதான் உள்ள போறானா?" என்றாள்.

"மாட்டிகினுதான் போறாரு."

"குமிழும் பண்ணியாச்சு."

"பண்ணியாச்சு. ஆனா கொட கொடன்னு ஆடுது. ஆறு மாசம் தாங்காது."

"தாங்கலன்னா? டோக்கன் இருக்குதே. டோக்கன் இருந்தா நீ எப்படித் தாழ்ப்பாள் போடுவ?"

நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அந்த ஆணிங்க ரொம்பக் குட்டைக்கா" என்றேன். "கதவ ஓங்கிச் சாத்துனா டோக்கன் கீழ விழுந்துடும்."

கனகம் அக்கா செம்பின் மூடியை எடுத்தாள். அண்ணாந்து, நிறுத்தாமல், கழுத்து ஏறி இறங்க முக்கால் செம்பைக் குடித்தாள். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மிச்சத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"குடி, இசை" என்றாள். "வெயில்ல வந்திருக்க."